விளக்கை ஆற்றில் எறிந்தவன்



புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில் உள்ள ரெட்டியார்பாளையத்தில் நான் வாழ்ந்து வருகிறேன். அவ்வூரைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களுக்கு முன் என்னைக் காண வந்தார். பிலிப்பைன்ஸ் நாட்டு நாவல் ஒன்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் அன்றுதான் படித்து முடித்திருந்தார். அவர் முகத்தில் சினம் தெரிந்தது. "ஐயா, கொடுமை செய்தவர்கள் அனைவரும் ஒரே வீட்டில் கூடியிருந்தார்கள். அவர்களை அழிக்கவல்ல விளக்கும் அங்கே எரிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கி ஆற்றில் எறிந்த இளைஞன் துரோகி அல்லனா?" என்று கேட்டார். அவருக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. இன்று உங்கள் முன்னிலையில் சொல்ல முயல்கிறேன்.

அந்நாவலின் பெயர் 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ'. எழுதியவர் ஹொசே ரிசால். 1861-இல் பிறந்த அவர் கண் மருத்துவம் பயின்றவர், கவிஞர். ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் தம் மக்கள் பட்ட துன்பத்தை இரு நாவல்களில் எழுதினார். முதல் நாவல் 1887-இல் பெர்லின் நகரிலும், அதன் தொடர்ச்சியான இந்நாவல் 1891-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலும் அச்சாயின. 1872-இல் மணிலாவில் பொய்க்குற்றம் சாட்டிக் கொல்லப்பட்ட மூன்று சுதேசிப் பாதிரிமார்களுக்கு இரண்டாம் நாவலைக் காணிக்கையாக்கினார்.

முதல் நாவலின் தலைவன் இபார்ரா. ஐரோப்பாவில் கற்றுத் திரும்பிய அவன், தன் ஊரில் பள்ளிக்கூடம் கட்ட விரும்பினான். ஆனால், அவன் தந்தை சிறையில் மாண்டிருந்தார். புதைத்த உடலையும் தோண்டி எடுத்து ஏரியில் எறிந்துவிட்டார்கள். இறுதியில் அவன்மீதே கலகக் குற்றம் சுமத்தப்பட்டது. அவன் காதலித்த மரியா கிளாரா கன்னிமாடம் புகுந்தாள். அவன் இறந்துவிட்டான் என்றே உலகம் எண்ணியது.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிகழ்வது இரண்டாம் நாவலின் கதை. நீலக் கண்ணாடி அணிந்த சீமோன் என்னும் பெருஞ்செல்வனான நகை வணிகன் மணிலாவில் உலவுகிறான். ஆளுநரே அவன் சொல்லைக் கேட்டு நடக்கிறார். இபார்ராவே இச்சீமோன். அவன் வகுத்த திட்டம் யாது? கொடுமையைத் தடுப்பதன்று, வளர்ப்பது! வரியை ஏற்றவும், அடக்குமுறையைப் பெருக்கவும் ஆட்சியாளர்க்கு அவனே வழி சொல்லிக் கொடுக்கிறான். துன்பம் தாங்க முடியாத எல்லையை அடைந்தால்தான் மக்கள் வெடித்தெழுவார்கள் என்பது அவன் கணக்கு.

சீமோன் அறிவற்றவன் அல்லன். ஸ்பானிய மொழிக்குக் கழகம் வேண்டுமென்று மாணவர்கள் போராடும்போது, தாய்மொழியை இழந்த மக்கள் தம் சிந்தனையையும் இழப்பார்கள் என்று எச்சரிப்பவன் அவனே. அவன் நோயை நன்கு அறிந்தவன். மருந்தில்தான் பிழை செய்தான்.

அவன் கணக்கிற்கு இரையானவர்களைப் பாருங்கள். தாலேஸ் என்பவர் ஓர் உழவர். காட்டைத் திருத்திக் கழனியாக்கினார். அறுவடை கண்டதும், நிலம் தங்களுடையது என்று துறவியர் சபையினர் வந்தனர்; குத்தகையை ஆண்டுதோறும் உயர்த்தினர். தாலேஸ் நீதிமன்றம் ஏறினார், தோற்றார். இது வெறுங்கற்பனையன்று. ரிசாலின் சொந்தக் குடும்பமே கலம்பா என்னும் ஊரில் இத்தகைய நிலவழக்கில் தோற்று வெளியேற்றப்பட்டது. ஒருநாள் தாலேஸ் தம் வீட்டில் தங்கிய சீமோனின் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்; அதற்கு ஈடாகத் தம் மகள் ஹூலியின் பதக்கத்தை வைத்துவிட்டுச் சென்றார். அன்றே கொலைகாரராகவும், பின்னர்க் கொள்ளைக்கூட்டத் தலைவராகவும் ஆனார்.

ஹூலியின் காதலன் பஸீலியோ மருத்துவ மாணவன். யாரோ ஒட்டிய சுவரொட்டிகளுக்காக மாணவர்கள் பலர் சிறைப்பட்டனர். செல்வாக்குடைய சுற்றத்தார் இருந்தவர்கள் விடுதலையாயினர். துணையற்ற பஸீலியோ மட்டும் உள்ளே கிடந்தான். அவனை மீட்க வேண்டி, தன்மேல் தீய கண் வைத்த பாதிரியாரிடமே ஹூலி செல்ல நேர்ந்தது. மானத்தைக் காக்க மாடியிலிருந்து விழுந்து உயிர் துறந்தாள்.

அவள் அண்ணன் தானோ கட்டாயப்படுத்திப் படையில் சேர்க்கப்பட்டவன். கொள்ளையரோடு நடந்த சண்டையில், மலைப்பாறைமீது நின்ற முதியவர் ஒருவரைச் சுட்டு வீழ்த்தினான். அருகே சென்று பார்த்தான். அவர் தன் பாட்டனார்! சீமோன் மூட்டிய தீ ஆளுநரின் மாளிகையைத் தொடவேயில்லை. தாலேஸின் குடிசையைத்தான் எரித்தது.

இனி அந்த விளக்கைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு திருமண விருந்து. ஆளுநரும், அதிகாரிகளும், துறவியரும் வந்திருக்கிறார்கள். சீமோன் பரிசாக வழங்கிய மாதுளை வடிவ விளக்கினுள் வெடிமருந்து நிறைந்திருக்கிறது. இசகானி என்னும் இளங்கவிஞன் வெளியே நிற்கிறான். மணப்பெண் அவன் காதலித்தவள். பஸீலியோ அவனிடம் உண்மையைச் சொல்லித் தப்பி ஓடுமாறு வேண்டுகிறான். இசகானியோ உள்ளே பாய்ந்து, விளக்கைப் பற்றி ஆற்றில் எறிகிறான். நாட்டை எண்ணி அவன் அதைச் செய்யவில்லை. ஒரு பெண்ணின் உயிரை எண்ணிச் செய்தான். மாணவர் அவனைத் துரோகி என்றது இதனால்தான்.

காயமுற்ற சீமோன், இசகானியின் மாமாவான புளோரெந்தினோ பாதிரியாரின் கடற்கரை வீட்டில் அடைக்கலம் புகுந்தான். நஞ்சருந்தித் தன் கதையைச் சொல்லி இறந்தான். நல்ல நோக்கம் தீய வழியைத் தூய்மையாக்காது என்பதே பாதிரியார் அவனுக்குச் சொன்ன விடையின் கருத்து. அவன் விட்டுச் சென்ற நகைப் பேழையை அவர் கடலில் எறிந்தார். விளக்கு ஆற்றுக்கும், செல்வம் கடலுக்கும் போயின. நாவல் அங்கே முடிகிறது.

நேயர்களே, இக்கதை நமக்கு அயலானதன்று. 1908-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி அழிந்தது. அதற்குக் காரணமானவர்களுள் ஒருவரென ஆஷ் துரையைத் தேசபக்தர்கள் கருதினர். லண்டனில் சட்டம் பயின்று, ஆங்கிலேயர் கண்ணில் படாமல் தப்பிய வ. வே. சு. ஐயர் 1910-இல் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்தார். வாஞ்சிநாதன் அவரிடம் இங்கே துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்பது வரலாறு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் ஆஷைச் சுட்டு வீழ்த்திய வாஞ்சி, தம்மையும் சுட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 25.

வாஞ்சியைச் சீமோனோடு ஒப்பிடுவது பொருந்தாது. அவர் தம் மக்களின் துன்பத்தைப் பெருக்கவில்லை. பிறரைச் சாகவிட்டுத் தாம் மறைந்திருக்கவுமில்லை. அவர் தியாகத்தின்முன் நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் விளைவை நேர்மையோடு எண்ண வேண்டும். ஓர் அதிகாரி போனார், ஆட்சி போகவில்லை. கைதுகளும் ஒற்றர் நடமாட்டமுமே பெருகின. ஐயரே பிற்காலத்தில் காந்தியடிகளின் வழியை ஏற்றார். 1920-இல் புதுச்சேரியை விட்டுச் சென்ற அவர், பத்திரிகை நடத்திச் சிறை சென்றார். அச்சிறையில் அவர் கை எழுதுகோலைப் பற்றியது. கம்பராமாயண ஆராய்ச்சி பிறந்தது.

மற்றொரு நிகழ்ச்சியும் நம் ஊரில் உண்டு. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் படையினர் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளரைச் சுட்டனர். பன்னிரண்டு பேர் மாண்டனர். பழிவாங்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? ஆனால் வ. சுப்பையாவும் தொழிலாளரும் கேட்டது எவருடைய உயிரையுமன்று. வேலை நேரத்திற்கு வரம்பும், சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டனர். 1937-இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. மாண்ட பன்னிரண்டு பேர் மீளவில்லை. எனினும், அவர்களுடைய பிள்ளைகள் மாலை வெளிச்சத்தில் தந்தையர் முகம் காணும் நிலை பிறந்தது.

என் மாணவ நண்பருக்கு நான் சொல்ல விரும்பும் விடை இதுதான். தம்பி, உன் சினம் தவறன்று. தாலேஸின் கழனிக்காகவும் ஹூலியின் மானத்துக்காகவும் சினம் கொள்ளாதவன் மனிதனே அல்லன். ஆனால் யார் சாக வேண்டும் என்று கேட்பது பழி. யார், எப்படி வாழ வேண்டும் என்று கேட்பது விடுதலை. இசகானி தன்னலத்தாலேயே விளக்கை எறிந்திருக்கலாம். எனினும், அந்த ஒரு நொடியில் அவன் ஓர் உயிரின் வாழ்வை எண்ணினான். சீமோனோ பதின்மூன்று ஆண்டுகளும் சாவையே எண்ணினான்.

ரிசால் ஆயுதப் போராட்டத்தில் இறங்கியதில்லை. 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானிய அரசு அவரை மணிலாவில் சுட்டுக் கொன்றது. இரு நாவல்களுக்கும் அவ்வளவு அஞ்சிற்று அந்தப் பேரரசு! அடுத்த இரண்டாண்டுகளில் ஸ்பெயினின் ஆட்சி அந்நாட்டை விட்டு அகன்றது. பின்னர் அமெரிக்கர் வந்தனர்; 1946-இல்தான் முழு விடுதலை கிட்டியது. அந்நெடிய வழியெங்கும் மக்கள் கையில் அவருடைய நூல்கள் இருந்தன.

சீமோனின் விளக்கு எரிந்திருந்தால் ஓர் இரவு ஒளிர்ந்து அணைந்திருக்கும். ரிசால் ஏற்றிய விளக்கோ, கடல் கடந்து ரெட்டியார்பாளையத்து மாணவர் ஒருவரின் மேசைமீதும் இன்று எரிகிறது. அதை அணையாது காப்பது உங்கள் கடமை.