கோவை நெல்லும் நோயறியும் ஏற்பிகளும்

செடிகளுக்கு இரத்த ஓட்டம் இல்லை. கிருமியைத் தேடிப்போய் விழுங்கும் வெள்ளையணுக்கள் இல்லை. அம்மை கண்டு தேறியவர் உடலில் தங்குகிற எதிர்ப்பொருளும் இல்லை. ஆனாலும் வயலில் நிற்கும் பயிர், தன்மேல் வந்து விழும் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு இடங்கொடுப்பதில்லை. செடியின் ஒவ்வொரு உயிரணுவும் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. வந்திருப்பது அன்னியக் கிருமி என்று அறியும் புரதங்கள் அதன் மேலுறையிலும் உள்ளேயும் உள்ளன. அவற்றையே ஏற்பிகள் என்கிறோம்.

மேலுறையில் உள்ள ஏற்பிகள், கிருமிகளால் எளிதில் மறைக்கவோ மாற்றவோ முடியாத பொதுவான பகுதிகளைக் கண்டறிகின்றன. பாக்டீரியா நீந்துவதற்குச் சாட்டை போன்ற ஓர் இழை உண்டு. அந்த இழையின் புரதத்தை அறியும் ஏற்பி 2000-ஆம் ஆண்டில் ஒரு சிறு கடுகினச் செடியில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே, அதே புரதத்தை அறியும் ஏற்பி மனித உடலிலும் இருப்பது தெரியவந்தது. செடி அந்தப் புரதத்தின் ஒரு துண்டைப் பிடிக்கிறது, மனித உடல் வேறொரு துண்டைப் பிடிக்கிறது. இரண்டும் தனித்தனி வழியில் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

விலங்குகளில் இத்தகைய ஏற்பிகளின் பணியைப் பழ ஈயில் 1996-இல் ஜூல்ஸ் ஹாஃப்மனும், எலியில் 1998-இல் புரூஸ் பாய்ட்லரும் காட்டினர். இருவருக்கும் 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லின் கதை அதற்கும் முந்தியது. பாக்டீரியா இலைக்கருகலைத் தடுக்கும் எக்ஸ்ஏ 21 என்ற ஏற்பி மரபணுவை பமீலா ரொனால்டின் குழு 1995-இலேயே பிரித்தெடுத்துவிட்டது. ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்த மரபணு அது. அதையும் வேறு இரண்டு மரபணுக்களையும் ஐதராபாத் ஆய்வாளர்கள் சம்பா மசூரியில் சேர்த்து, நோய் தாங்கும் ரகமாக 2008-இல் வெளியிட்டனர்.

பருத்தியிலும் இதே போராட்டம் உண்டு. சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்துத் தறிகளுக்கு நூலாகி வரும் பயிர் அது. கோவையில் உருவான எம்.சி.யு 5, மிக நீண்ட இழைக்குப் பேர்போன ரகம். அதை வெர்டிசிலியம் என்னும் மண்வாழ் பூஞ்சாணம் தாக்கியது. இலை நரம்புகளுக்கு இடையே மஞ்சள் படரும். தண்டைப் பிளந்தால் உள்கட்டை நிறம் மாறியிருக்கும். அந்த ரகத்திலேயே வாடாமல் நின்ற செடிகளைத் தேர்ந்து எம்.சி.யு 5 வி.டி. உருவாக்கப்பட்டது. மரபணுவின் பெயர் தெரியாமலே, கண்ணால் பார்த்துத் தேர்ந்த வேலை அது. பாராட்ட வேண்டிய உழைப்பு. இதே பூஞ்சாணத்தை அறியும் மேலுறை ஏற்பி ஒன்று பின்னர் தக்காளியில் அடையாளம் காணப்பட்டது.

மேலுறைக் காவலைத் தாண்டிவிட்ட கிருமி, உயிரணுவுக்குள் தன் புரதங்களைச் செலுத்தி அதன் எதிர்ப்பை முடக்கப் பார்க்கிறது. அங்கேதான் இரண்டாம் வகை ஏற்பிகள் காத்திருக்கின்றன. அவை வேலை செய்யும் விதத்தை விளக்கியதில் கோவை நெல் ஒன்றுக்குப் பெரும்பங்கு உண்டு. 1912-இல் தொடங்கிய கோவை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள் ‘கோ’ என்ற எழுத்தைத் தாங்கி வரும். அவற்றில் கோ 39 குலை நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம். இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. நோய் கதிர்க் கழுத்தில் இறங்கினால் மணி பிடிக்காது. இதன் பூஞ்சாணம், வளிமண்டல அழுத்தத்தைப் போல 80 மடங்கு வரையிலான அழுத்தத்தைத் திரட்டி இலைத்தோலைத் துளைக்கிறது. நோய்க்கு இவ்வளவு எளிதில் மடிவதாலேயே, பிற ரகங்களின் எதிர்ப்பை ஒப்பிட்டுப் பார்க்க உலகெங்கும் ஆய்வாளர்கள் கோ 39-ஐ விதைத்தனர்.

அந்த ரகத்துக்குள்ளும் ஓர் ஏற்பி இருந்தது. வேறொரு புல்லைத் தாக்கும் குலை நோய்ப் பூஞ்சாணம் கோ 39-ஐ ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பூஞ்சாணத்தை நெல்லுக்குக் காட்டிக்கொடுத்த அதன் மரபணு 1998-இல் பிரிக்கப்பட்டு, கோ 39 பெயரையே பெற்றது. நெல்லைத் தாக்கும் பூஞ்சாணங்களோ பெரும்பாலும் அந்த மரபணுவை இழந்தவை. கோ 39 அவற்றிடம் தோற்பதற்கு அதுவே காரணம். எதிர்ப்புத் திறன் இல்லாமல் போகவில்லை. அடையாளம் காணும் பொருள்தான் எதிரியிடம் இல்லை.

நெல்லின் 11-ஆம் குரோமோசோமில் அருகருகே உள்ள ஆர்.ஜி.ஏ 4, ஆர்.ஜி.ஏ 5 என்ற இரட்டைப் புரதங்களே அந்த ஏற்பி என்று 2013-இல் தெளிவானது. ஆர்.ஜி.ஏ 4 தனியே இருந்தால் உயிரணுவையே சாகடித்துவிடும். ஆர்.ஜி.ஏ 5 அதை அடக்கி வைக்கிறது. பூஞ்சாணம் செலுத்தும் புரதம் குறிவைக்கும் நெல் புரதங்களைப் போன்றதொரு பகுதி ஆர்.ஜி.ஏ 5-இன் முனையில், தூண்டிலில் கோத்த இரையாக அமைந்திருக்கிறது. பூஞ்சாணப் புரதம் அதைப் பற்றியதும் அடக்குமுறை தளர்கிறது. ஆர்.ஜி.ஏ 4 விழித்துக்கொள்ள, அந்த உயிரணு மடிகிறது. உயிருள்ள திசுவைத் தின்று தொடங்கும் பூஞ்சாணம் மேற்கொண்டு பரவ வழியில்லாமல் நின்றுபோகிறது. மனித உயிரணுக்களுக்குள்ளும் இதையொத்த அமைப்புள்ள ஏற்பிகள் உண்டு. கிருமி புகுந்தால் அவை அழற்சியைத் தூண்டுகின்றன.

ஆர்.ஜி.ஏ 5-இன் இரைப் பகுதியை மட்டும் திருத்தினால் வேறு பூஞ்சாணப் புரதங்களையும் அது பிடிக்கும் என்று 2021-இல் வெளியான ஆய்வு நெற்பயிரிலேயே காட்டியது. காட்டு நெல்லில் தற்செயலாகக் கிடைக்கும் மரபணுவுக்காகக் காத்திருந்த இடத்தில், வயலில் உள்ள பூஞ்சாணத்துக்கு ஏற்ற ஏற்பியை வடிவமைக்கும் முயற்சி இப்போது நடந்துவருகிறது.