முத்துப்பிள்ளை யாருடைய சாபம்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் முத்துப்பிள்ளைக் கர்ப்பமாகும். இது கூட்டத்தில் பேசக்கூடிய சங்கதியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசாமல் மூடி வைத்ததால்தான் அநேகம் பெண்கள் செத்தார்கள். ஆகையால் பேசியே தீருவோம்.

ஹாலந்து தேசத்தில் லோஸ்டொய்னன் என்ற ஊர் மாதாகோவிலில் இரண்டு தாம்பாளங்களைக் காட்டுவார்கள். 1276-ல் மார்கரெட் என்ற சீமாட்டி, இரட்டைப் பிள்ளைகளோடு வந்த ஒரு பிச்சைக்காரியின் கற்பைப் பழித்தாளாம். அவளோ, "வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை பிள்ளை பெறுவாய்" என்று சபித்தாளாம். சீமாட்டி ஒரே பிரசவத்தில் 365 பிள்ளை பெற்றாளாம்! பிஷப் அத்தனைக்கும் அந்தத் தாம்பாளங்களில் ஞானஸ்நானம் கொடுத்தாராம்! இதில் துளி உண்மை இருந்தால் அது முத்துப்பிள்ளையாகத்தான் இருக்கும் என்பது பிற்கால டாக்டர்கள் சிலருடைய ஊகம்.

முத்துப்பிள்ளை என்பது என்ன? நஞ்சாக வளர வேண்டிய சதை, நீர் கோத்துத் திராட்சைக் குலைபோல் பெருகுவதேயாகும். தாயின் உட்கரு இல்லாத முட்டையில் விந்தணு புகுந்து வளர்வதே முழு முத்துப்பிள்ளை. பெரும்பாலும் அதிலுள்ள 46 குரோமோசோம்களும் தகப்பனுடையவை. பெண்ணைப் பாவி என்றவர்கள் இதற்கு என்ன சொல்லப் போகிறார்கள்? அதற்காக நாம் ஆணையும் பாவி என்று சொல்லமாட்டோம். இதில் பாவமுமில்லை, சாபமுமில்லை.

சில சமயம் இதன் பக்கத்திலேயே நல்ல சிசு ஒன்றும் இரட்டைபோல் வளர்வதுண்டு. 20,000 முதல் 1,00,000 கர்ப்பங்களில் ஒன்று இப்படி ஆகலாம். ஒரே முட்டையில் இரண்டு விந்தணு புகுந்து 69 குரோமோசோம்கள் ஆவது வேறு வகை; அதில் சிசு பிழைப்பதில்லை. ஆகவே எது எது என்று பிரித்தறிய வேண்டும். ஸ்கேனில், நல்ல நஞ்சோடு கூடிய சிசு தனியாகவும் குலை தனியாகவும் தெரியும். இரத்தத்தில் எச்.சி.ஜி. மிக ஏறியிருக்கும். பனிக்குட நீரைச் சோதித்தால் சிசுவின் குரோமோசோம் சரியா என்பது விளங்கும்.

பிறகு என்ன செய்வது? 2002-ல் இங்கிலாந்து டாக்டர்கள் வெளியிட்ட கணக்கில், இப்படிப்பட்ட கர்ப்பத்தைத் தொடர்ந்த 53 பேரில் 20 பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. மற்றவர்களுக்கு இல்லை. இரத்தப்போக்கு, இரத்தக் கொதிப்பு, தைராய்டு மிகுதி, குறைப்பிரசவம் ஆகிய அபாயங்கள் உண்டு. கர்ப்பத்தைக் கலைத்தவர்களில் சுமார் ஆறில் ஒருவருக்கும், தொடர்ந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கும் நோய் மிஞ்சி, மருந்து தேவைப்பட்டது. இதில் பெரிய வித்தியாசமில்லை. 1956-ல் அமெரிக்காவில் லீ, ஹெர்ட்ஸ் என்ற டாக்டர்கள் மெதோட்ரெக்சேட் மருந்தால் இவ்வகைப் புற்றுநோயைத் தீர்த்துக் காட்டினார்கள். இன்று இந்நோய் பெரும்பாலும் தீரக்கூடியதே.

ஆகவே தொடர்வதா, கலைப்பதா என்பதை மாமியாரோ, புருஷனோ, ஜோசியரோ தீர்மானிக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் கேட்டறிந்து, சுமக்கிறவளே தீர்மானிக்க வேண்டும். தொடர்ந்தால் அடிக்கடி பரிசோதனை வேண்டும்; ஆபத்து வந்தால் தாயின் உயிரே முதல். எப்படி முடிந்தாலும், எச்.சி.ஜி. இறங்கி, டாக்டர் போதும் என்கிற வரை இரத்தச் சோதனையை விடக்கூடாது. அதுவரை மறு கர்ப்பமும் கூடாது.

தோழர்களே! கர்ப்பிணிக்கு இரத்தம் பட்டாலும், மாதத்துக்கு மிஞ்சி வயிறு பெருத்தாலும் மந்திரவாதியைத் தேடாதீர்கள். வண்டியைப் பூட்டுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவே.