அகவை கடந்தபின் அருந்ததி தரிசனம்

(திருவிழா மண்டபத்தில் ஆற்றிய உரை)



அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். கார்த்திகை என்றும் திருவாதிரை என்றும் தயங்காமல் சொல்லுகிறோம். அந்த மீன் வானத்தில் எங்கே உள்ளது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் பஞ்சாங்கத்தைத்தான் எடுத்துக் காட்டுவோம். பணி ஓய்வுக்குப் பிறகே அண்ணாந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வாய்த்தது. அந்த இன்பத்தை என் வயதொத்தவர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இங்கு நிற்கிறேன்.

திருநாள்களைக் குறித்த முன்னோர் வானத்தைப் பார்த்தே குறித்தனர். கார்த்திகைத் தீபத்தன்று முழுமதி கார்த்திகை மீன்களை ஒட்டி நிற்கும். சித்ரா பௌர்ணமியன்று சித்திரை மீனின் பக்கம் நிற்கும். தைப்பூச நிலவோ மங்கலான பூச மீன்களைத் தன் ஒளியிலேயே மறைத்துவிடும். பூசத்தைக் காண விரும்புவோர் அதற்குப் பின்வரும் அமாவாசை இரவைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

நம் தங்காக் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் அமைந்திருப்பது பெரும்பேறு. திருவாதிரைக்கு அருகிலுள்ள மூன்று மீன்களின் வரிசை நம் உச்சந்தலைக்கு மேலேயே கடந்து செல்லும். தமிழ்நாட்டில் தென் அடிவானத்தருகே தாழ்ந்து தெரியும் தென்சிலுவை, இங்கே அதைவிட உயர்ந்து நிற்கும். துருவ நட்சத்திரத்தை மட்டும் நாம் இழந்தோம். அடிவானத்தோடு ஒட்டியிருப்பதால் மரங்களும் மேகமும் அதை மறைத்துவிடுகின்றன.

‘இந்த வயதில் இதென்ன வேலை?’ என்பார்க்கு ஒருவரைச் சொல்லுவேன். வங்காளத்து யசோரில் 1878ஆம் ஆண்டு பிறந்த இராதாகோவிந்த சந்திரர், நுழைவுத் தேர்வில் மும்முறை தோற்று, அரசாங்கக் கருவூலத்தில் சிறு பணியில் அமர்ந்தவர். 1910இல் ஹாலி வால்மீனைக் கண்டபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. பின்னர் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918இல் கழுகு மண்டலத்தில் திடீரெனச் சுடர்ந்த புதுமீனைக் கண்டு குறித்துவைத்தார். அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் 1926இல் அவருக்குப் பெரிய தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தது. எழுபது வயதைத் தாண்டியும் நோக்கினார். அவர் அளித்த குறிப்புகள் 37,000க்கும் மேற்பட்டவை. அந்தத் தொலைநோக்கி பிற்காலத்தில் வானியலறிஞர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்தைச் சேர்ந்தது.

நமக்குத் தொலைநோக்கியும் தேவையில்லை. திருமணத்தன்று குருக்கள் பட்டப்பகலில் மண்டபக் கூரையைக் காட்டி, ‘அருந்ததி தெரிகிறதா?’ என்று கேட்டார், நாமும் தலையாட்டினோம்! ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து மணிக்கு மேல், கடைத்தெரு விளக்குகளை விட்டு விலகி, வடதிசை நோக்கி நில்லுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால்பகுதியில் நடுமீன் வசிட்டர். அவரை ஒட்டி மெல்லிய ஒளியோடு நிற்பவள் அருந்ததி. பார்வை மங்கியவர்கள் இருகண் நோக்கியைத் துணைக்கொள்ளலாம்.

அவள் ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறாள். இன்றிரவு நம் கண்ணில் படும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது, இந்த முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார்கள் தொட்டிலில் கிடந்தனர். கணவரையும் உடன் அழைத்துச் சென்று பாருங்கள், தாய்மார்களே.