பால்மரமும் வல்லரசும்

லுக்குட் தோட்டங்களில் பால்மரம் சீவிய பாட்டன்மாருக்கும் வல்லரசின் கணக்குக்கும் என்ன உறவு?

உலகப் போரில் கடனாளியான பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்தது, அமெரிக்கா வாங்கிய மலாயா ரப்பர். 1948 ஜூனில் இங்கே கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் புரட்சி மூண்டது. பிரிட்டன் அதைப் போர் என்று சொல்லவில்லை, அவசரகாலம் என்றது. போர் என்றால் தோட்டங்களுக்குக் காப்புறுதி கிடைக்காதே!

பாட்டாளிகளின் சங்கங்களும் தப்பவில்லை. தொழிற்சங்கத் தலைவர் கணபதி 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு அரசு மன்றாடியும் பலனில்லை. 1950க்குப் பின் தோட்ட லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31இல்தான்.

எங்காவது புரட்சி, அதில் வல்லரசு தலையிடுகிறது என்று செய்தி வந்தால், அந்த மண்ணில் என்ன விளைகிறது என்று முதலில் கேளுங்கள்.