புகழ்பெற்ற நகரங்களும் அவற்றின் பின்னே நிற்கும் கிராமங்களும்

(ஊராட்சி உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



கிராம முன்னேற்றம் பற்றிப் பேசவேண்டிய மேடையில் லண்டனையும் வியன்னாவையும் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று தங்களுள் சிலர் வியக்கக்கூடும். இரண்டிற்கும் உள்ள உறவு சற்று நேரத்தில் தானே விளங்கும்.

உலக மாநகரங்களுள் எது சிறந்தது என்று ஆண்டுதோறும் வரிசைப்படுத்தும் நிறுவனங்கள் பல உள. டோக்கியோவிலுள்ள மோரி நினைவு அறக்கட்டளை வெளியிடும் பட்டியலில் 2012 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் லண்டனே முதலிடம் வகித்தது. வாணிபம், ஆராய்ச்சி, கலை, போக்குவரத்து முதலியவற்றால் உலக மக்களைத் தன்பால் ஈர்க்கும் ஆற்றலே அதன் அளவுகோல். லண்டனிலிருந்து வெளிவரும் எக்கனாமிஸ்ட் பத்திரிகையைச் சார்ந்த ஆய்வு நிறுவனமும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. மருத்துவம், கல்வி, அமைதி, சுற்றுப்புறம், குடிநீர், சாலை ஆகியவற்றை அது பார்க்கிறது. அதில் 2011 முதல் 2017 வரை மெல்போர்னும், 2018, 2019, 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவும், 2025-இல் கோபன்ஹேகனும் முதலிடம் பெற்றன. 2024-இல் லண்டன் முதல் பத்து இடங்களுக்குள்ளும் வரவில்லை. உள்ளூர் நிறுவனமே தன் ஊருக்குச் சலுகை காட்டவில்லை என்பது பாராட்டத் தக்கதே.

ஆகவே, காண விரும்பும் ஊர் வேறு. குடியிருக்க விரும்பும் ஊர் வேறு. இத்தாலியின் வெனிஸ் நகரைக் காணாதவர் காண ஏங்குகின்றனர். ஆனால் 1951-இல் அதன் பழைய தீவு நகரில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அத்தொகை 50,000-க்கும் கீழே இறங்கியது. பல வீடுகள் பயணியர் விடுதிகளாயின, வாடகை உயர்ந்தது, உள்ளூரார் வெளியேறினர். 2024-இல் குறிப்பிட்ட சில நாட்களில், பகலில் மட்டும் வந்து செல்வோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். திருவிழா முடிந்தால் நம்மூரில் கூட்டம் கலையும். அங்கே கலைவதில்லை.

வியன்னாவின் பெருமை வேறு வகையானது. சங்கீதத்தாலும் அரண்மனைகளாலும் அது பேர் பெற்றது உண்மை. எனினும் அங்கு வாழ்வோர் முதலில் சொல்லிக்கொள்வது தண்ணீரைப் பற்றியே. 19-ஆம் நூற்றாண்டில் அந்நகரின் கிணறுகள் மாசடைந்து, காலராவும் விஷக் காய்ச்சலும் மக்களை வாட்டின. நிலவியல் அறிஞர் எடுவார்ட் சூஸ், தொலைவிலுள்ள ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்தே நீர் கொண்டுவரவேண்டும் என்று நகராட்சியில் வாதாடி வென்றார். முதற் குழாய்வழி 1873-இலும் இரண்டாவது 1910-இலும் திறக்கப்பட்டன. மலையிலிருந்து நகர் வரை நீர் சரிவிலேயே ஓடி வருகிறது. இரண்டாவது வழியில் அப்பயணம் ஏறத்தாழ 36 மணி நேரம். ஊற்றுக்கண்களைச் சூழ்ந்த காடுகளை நகராட்சி இன்றும் காத்து வருகிறது. நகர எல்லைக்குள்ளேயே சுமார் 600 ஹெக்டேரில் திராட்சை பயிராகிறது என்பதை விவசாய அன்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

சிங்கப்பூரின் தூய்மையும் உலகறிந்தது. சாக்கடையாய்க் கிடந்த சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவு செய்யும் பணி 1977-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் முடிந்தது. அப்போது கரையோரக் குடிசைகளும், தெருவோர உணவுக் கடைகளும், நீர்வரத்துப் பகுதியிலிருந்த நூற்றுக்கணக்கான பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1984-இல் பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்த அரசு முடிவு செய்தது. குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைத்தது மெய்தான். ஆயினும் பரம்பரைத் தொழிலை விட்டவனுக்கு அடுக்குமாடி வீடு முழு ஈடாகுமா என்பதை இங்கு அமர்ந்திருப்போர் நம்மைவிட நன்கு அறிவீர்கள். ஆறு தூய்மையானது பெரிய நன்மை. அதன் விலையைக் கொடுத்தவர்களுள் உழவரும் உண்டு என்பதை அந்நகரைப் புகழ்வோர் அதிகம் சொல்வதில்லை.

நியூயார்க் நகரின் கதை இன்னும் கவனிக்கத் தக்கது. அதன் குடிநீரில் பெரும்பகுதி, வடமேற்கே கேட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்து வருகிறது. 1907-இல் தொடங்கிய அஷோகன் நீர்த்தேக்கத்திற்காகக் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. சுமார் 2,000 பேர் இடம் பெயர்ந்தனர். கல்லறைகள்கூடத் தோண்டி எடுக்கப்பட்டு வேறிடம் சென்றன. அந்தக் கசப்பு பேரப்பிள்ளைகள் காலம்வரை மாறவில்லை. 1990-இல், நீர் மாசடையாதிருக்க மலைநாட்டு விவசாயத்தின்மீது கடுமையான விதிகள் விதிக்க நகரம் முனைந்தபோது, விவசாயிகளும் ஊர்மன்றங்களும் ஒருமுகமாக எதிர்த்தனர்.

நகரத்திற்கு வேறு வழி இல்லாமலில்லை. பிரம்மாண்டமான வடிகட்டும் நிலையம் ஒன்றைக் கட்டலாம். ஆனால் அதற்குப் பல நூறு கோடி டாலர் செலவாகும். எனவே பேச்சு நடந்தது. ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1997-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி, கால்நடைகள் ஓடையில் இறங்காதபடி வேலியிடுவதற்கும், சாணத்தை முறையாகச் சேமிப்பதற்கும், கழிவுநீர் ஏற்பாடுகளைச் செப்பனிடுவதற்கும் நகரமே பணம் தருகிறது; விவசாயி விரும்பினால் மட்டுமே திட்டத்தில் சேர்கிறான். நிலத்தை விற்க இசைபவரிடம் மட்டும், சந்தை மதிப்பிலேயே நகரம் வாங்கவேண்டும். கட்டாயமாகக் கையகப்படுத்தக் கூடாது. அவ்வாறு வாங்கிய நிலத்திற்கு, மற்ற நில உடைமையாளரைப் போலவே, நியூயார்க் மாநகரம் அந்தச் சிற்றூர்களுக்குச் சொத்து வரி செலுத்தி வருகிறது.