பல்வரிசை ஏன் மாறுகிறது?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்தில் வயது ஏற ஏறக் கீழ்ப்பற்கள் நெருங்கினால் பழி ஞானப்பல்லின் மீதுதான். ஆனால் ஞானப்பல் முளைக்காதவர்களுக்கும் முன்பற்கள் நெருங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல் தாடை எலும்போடு ஒட்டியதல்ல. இடையே மெல்லிய நார்ப்படலம் இருப்பதால் ஆயுள் முழுக்க நகரக்கூடியது. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி இடத்தை வெறுமையாக விட்டால், பின்னுள்ள பல் முன்னே சாயலாம், எதிரே உள்ள மேற்பல் கீழிறங்கலாம். ஈறுநோயில் எலும்பு கரைந்தால் முன்பற்கள் விரியலாம். பாக்கு மெல்லுவதும் (வாய்ப் புற்றுநோய் ஆபத்து தனிக்கதை) பற்களைத் தேய்த்து, அவை ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தையே மாற்றுகிறது.

பிடுங்கியது உள்ளேயிருக்கும் பல்தானே, யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். சாய்ந்த பல்லின் இடுக்கில் சோறு தங்கும். பக்கத்துப் பல்லும் சொத்தையாகலாம். பல்லைப் பிடுங்கும் நாளிலேயே அந்த இடைவெளிக்கு என்ன செய்வதென்று பல் வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.