கூரையின் கீழ் பன்றி



தின்னும் உணவை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது எப்படி வந்தது? இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். அதற்காகச் சீனா வரை போய் வருவோம்.

சீன மொழியில் வெறுமனே ‘இறைச்சி’ என்றால் பன்றி இறைச்சிதான். மாடு, ஆடு என்றால் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டைக் குறிக்கும் எழுத்தில் மேலே கூரை, கீழே பன்றி. உலகின் பன்றி இறைச்சியில் ஏறத்தாழப் பாதி இன்று அங்கேதான் உற்பத்தியாகிறது. ‘சீனர்களுக்கு அது பிடிக்கும்’ என்பது இதற்கு விடையாகாது. நாக்கின் ருசிக்குப் பின்னால் நிலமும் உழைப்பும் அதிகாரமும் இருக்கின்றன.

முதலில் நிலம். ஹெனான் மாகாணத்து ஜியாஹுவில் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே பன்றி வளர்த்ததற்கு அகழாய்வுச் சான்று உண்டு. சிறு நிலத்தில் நெருக்கமாக வாழ்ந்த குடியானவர்களிடம் மேய்ச்சல் தரை குறைவு. மாடு ஏர் இழுக்க வேண்டும். அதனால் மாடறுப்பதைப் பல அரசுகள் சட்டம் போட்டுத் தடுத்தன. பன்றியோ தவிடும் கழுநீரும் மிச்சமீதியும் தின்று கொட்டிலிலேயே வளரும். ஒரே ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகள் போடும். வயலுக்கு எருவும் தரும். ஹான் காலக் கல்லறைகளில் சுடுமண் மாதிரிகள் கிடைத்திருக்கின்றன: மேலே கழிப்பறை, கீழே பன்றிக் கொட்டில். இரண்டுக்கும் ஒரே சொல்லும் இருந்தது.

இங்கே சற்று நிற்போம். பன்றி மலம் தின்னும், ஆகவே அது அசுத்தம், வளர்ப்பவரும் அசுத்தம் என்பது நம் ஊர்களில் நாம் கேட்டு வளர்ந்த நியாயம். அதே பன்றி, அதே மலம். அங்கே செத்தவரோடு புதைக்கும் செல்வத்தில் அதுவும் ஒன்று. அப்படியானால் தீட்டு பன்றியிடம் இல்லை. மனிதர் மேல் அதை ஏற்றிவைத்த சாதியிடம் இருக்கிறது.

அடுத்து அதிகாரம். அங்கும் மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டு. 1077இல் சோங் அரண்மனைச் சமையற்கட்டு செலவழித்த ஆட்டிறைச்சி 4,30,000 ஜின்னுக்கு மேல். பன்றி இறைச்சி 4,100 சொச்சம்தான். ஆடு மேட்டுக்குடிக்கு, மலிவான பன்றி மற்றவர்க்கு. 1080இல் பதவி பறிக்கப்பட்டு ஹுவாங்ஜோவுக்கு அனுப்பப்பட்ட கவிஞர் சு தோங்போ, அந்த மலிவு இறைச்சியை மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைக்கும் பக்குவத்தை எழுதினார். இன்று அவர் பெயர் தாங்கிய பன்றிக் கறி பெரிய விருந்துகளில் பரிமாறப்படுகிறது. 1519இல் மிங் பேரரசர் ஜெங்தே பன்றி வளர்ப்பதையே தடை செய்தார். அவர் குடும்பப் பெயரும் ‘பன்றி’ என்ற சொல்லும் ஒரே ஒலி. தடை நீடிக்கவில்லை. அரசுச் சடங்குப் பலிகளுக்கே பன்றி வேண்டியிருந்தது.

ஆனால் வளர்த்தவரின் தட்டில் அது தினமும் விழுந்ததாக எண்ண வேண்டாம். ஏழைக் குடியானவருக்குப் புத்தாண்டை ஒட்டித்தான் கறி. 1950களுக்குப் பின் நகரங்களில் கூப்பனுக்கு அளந்து கொடுத்தார்கள். 1978க்குப் பிந்தைய பொருளாதார மாற்றங்களோடுதான் அது பெருவாரி மக்களின் அன்றாட உணவானது. இன்று பல மாடிக் கட்டடங்களில் பன்றி வளர்க்கும் நிறுவனங்கள் வந்துவிட்டன. வீட்டுக் கொட்டில்கள் குறைகின்றன. ‘இறைச்சி’ என்றாலே பன்றி என்றாகிவிட்ட அந்நாட்டில் அதைத் தின்னாத ஹுய், உய்குர் முஸ்லிம்களும் வாழ்கிறார்கள். பெரும்பான்மையின் தட்டு அளவுகோலாகும்போது சிறுபான்மையின் தட்டு கேள்விக்குள்ளாகிறது. இதையும் நாம் மறைக்கக் கூடாது.

மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை 1948இல் வெளிவந்த தம் நூலில் அண்ணல் அம்பேத்கர் வரலாறாக ஆராய்ந்தார். வரலாற்றில் உண்டானதை வரலாற்றில் ஒழிக்கவும் முடியும். ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் ஒவ்வொரு தட்டின் முன்பும் மூன்று கேள்விகளை வையுங்கள்: நிலம் யாருடையது? வளர்த்தது யார்? இழிவென்று சொன்னது யார்? நம் தாய்மார் சமைத்த கறிக்கு வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல என்பதை அந்தக் கேள்விகளே சொல்லிவிடும்.

ஜெய்பீம்.